வெளியேற்றத் திட்டங்களும் குடிசன மதிப்பும்

அணுமின் நிலையத்து வெளியேற்றத் திட்டங்களை இலக்கிய ஏடொன்றிலே விமர்சிப்பதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மனிதரைப் பற்றி எழுதப்படுவது எதுவாயினும் அது விமர்சனத்துக்கு உரியதே என்பது எமது கருத்து. கதையொன்றிலே பாத்திரம் பொய்யாகிவிட்டால் வாசகன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய்விடலாம். வெளியேற்றத் திட்டத்திலே மனிதன் பொய்யாகச் சித்திரிக்கப்பட்டால், அதன் விளைவை அம்மனிதனே தன் உடலால் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் இத்தகைய எழுத்துக்கு ஓர் ஒழுங்கான வடிவமே உண்டு. நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 10 மைல் ஆரையுள்ள வட்டமொன்று கீறப்படுகின்றது. அதனுள் இருப்போர் அனைவரும் வெளியேற எத்தனை மணித்தியாலம் பிடிக்கும் என்பதை நிலையத்தை நடத்தும் நிறுவனம் கணித்துக் கொடுத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டிலே திருத்தப்பட்ட விதிகளின்படி, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிசன மதிப்பின் விபரங்கள் கிடைத்து 365 நாட்களுக்குள் இக்கணிப்புப் புதுப்பிக்கப்படல் வேண்டும். இடைக்காலத்தில் குடித்தொகை பெருகி, வெளியேறும் நேரம் 25 சதவீதத்தாலோ 30 நிமிடத்தாலோ, இவற்றுள் எது குறைந்ததோ அதனால், நீளுமாயின் அப்பொழுதும் புதுப்பித்தல் வேண்டும். குற்றங்காணும் கண்ணோடு மாத்திரம் இதனை நோக்குவது நேர்மையாகாது. தொழிலாளர், பிரயாணிகள், பாடசாலைகள், வைத்தியசாலைகள், சொந்த வாகனமில்லாத குடும்பங்கள் ஆகியோரையும் கணக்கிற் சேர்க்கும்படியே விதி கூறுகின்றது.

ஆயினும் அத்தனைக்கும் அத்திவாரம் குடிசன மதிப்புத்தான். அம்மதிப்பு எதற்காக ஏற்பட்டது? பிரதிநிதிகள் சபையின் ஆசனங்களை மாநிலங்களுக்குப் பங்கிடுவதற்காக ஏற்பட்டது. ஏப்ரல் 1ஆந் திகதியன்று ஒருவர் வழக்கமாக எங்கே படுத்துறங்குகின்றாரோ அங்கே அவர் எண்ணப்படுகின்றார். ஆகவே அது காட்டுவது ஓர் இரவின் சித்திரம். விபத்தோ பகலிலும் வரும். அப்பொழுது தகப்பன் வேலைத்தலத்தில், பிள்ளை பாடசாலையில், பாட்டி வீட்டில். இவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சேராமல் ஊரைவிட்டு நகரமாட்டார்கள் என்பதை அறிய எந்தப் புள்ளிவிபரமும் வேண்டியதில்லை. வாகனமில்லாத ஏழைக்குத் திட்டம் ஒரு பஸ்ஸை வாக்களிக்கின்றது. அந்தப் பஸ்ஸின் சாரதியும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன்தானே! லோங் ஐலன்டிலே ஷோரம் நிலையம் பற்றிய விசாரணைகளில் இக்கேள்வி உண்மையாகவே எழுந்தது. 1983ஆம் ஆண்டு பெப்ரவரியில் சவ்வொக் மாவட்ட மன்றம், தனது மக்களைப் பாதுகாப்பாக வெளியேற்ற இயலாது என்று தீர்மானித்தது. பல நூறு கோடி டொலர் செலவிற் கட்டிமுடிக்கப்பட்ட அந்நிலையம் வர்த்தக ரீதியில் ஒரு நாளேனும் மின்சாரம் வழங்காமலே மூடப்பட்டது.

இன்னொரு பொய் அந்த வட்டத்திலேயே இருக்கின்றது. 1979 மார்ச்சு மாதம் பென்சில்வேனியாவின் திறீ மைல் ஐலன்ட் நிலையத்தில் விபத்து நேர்ந்தபொழுது, ஐந்து மைலுக்குள் வாழும் கர்ப்பிணிகளும் பாடசாலை செல்லாத சிறு குழந்தைகளும் வெளியேறுவது நன்று என்று ஆளுநர் அறிவித்தார். அந்த ஆலோசனைக்கு உட்பட்டோர் சில ஆயிரம் பேர் மாத்திரமே. புறப்பட்டுச் சென்றோரோ ஏறத்தாழ 1,44,000 பேர். மக்கள் மூடர்களா? அல்லர். தம்மிடம் உண்மை முழுவதும் கூறப்படவில்லை என்று அவர்கள் கருதினார்கள். இப்பொழுது அமெரிக்க வழிகாட்டி நூல், வட்டத்துக்கு வெளியே 15 மைல் வரை வாழ்வோரில் 20 சதவீதத்தினர் தாமாகவே கிளம்புவர் என்று கொள்ளும்படி சொல்கின்றது. அச்சத்துக்கும் ஒரு சதவீதம் வகுத்துவிட்டார்கள்! வட்டத்துக்கு வெளியே வாழ்வோர் எவ்விதம் நடந்துகொள்வர் என்பதை மேலும் நன்றாக அறிந்துகொள்ள வேண்டும் என 2013இல் அந்நாட்டு அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகமே எடுத்துரைத்தது.

குடிசன மதிப்புப் பழையது, ஆகையாற் பிழை நேர்கின்றது, புதியதைக் கொண்டுவந்தாற் சரியாகிவிடும் என்று வாதிப்போர் உளர். அவர்கள் யப்பானை நோக்குவார்களாக. அங்கே 2010 ஒக்டோபர் 1ஆந் திகதி குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. ஐந்தே மாதங்களின் பின், 2011 மார்ச்சு 11இல், புக்குஷிமா விபத்து நிகழ்ந்தது. அதைவிடப் புதிய கணக்கு எந்த நாட்டுக்கு வாய்க்கும்? ஆனால் அங்கு திட்டமிடப்பட்ட வலயமோ 8 முதல் 10 கிலோமீற்றர் வரையே. முதல்நாள் இரவு மூன்று கிலோமீற்றர், மறுநாட் காலை பத்து, அன்று மாலை இருபது என்று ஆணை விரிந்துகொண்டே சென்றது. வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலிருந்த இத்தாத்தே கிராமத்தின்மீது காற்றும் மழையும் பனியும் கதிரியக்கப் பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அக்கிராமத்தவர் வெளியேறவேண்டும் என்ற முடிவு ஏப்ரலிலேதான் வந்தது.

ஒகுமா நகரிலிருந்த புத்தாபா வைத்தியசாலையின் கதையை வாசித்தோர் மறக்கமாட்டார்கள். 12ஆந் திகதி நடக்கக்கூடிய நோயாளர் பஸ்களில் அனுப்பப்பட்டனர். படுக்கையிற் கிடந்தோர் பின்தங்கினர். 14ஆந் திகதி அவர்களுள் ஒரு பகுதியினரும் அருகிலிருந்த முதியோர் இல்லத்தவரும் பஸ்ஸில் ஏற்றப்பட்டு, கதிரியக்கப் பரிசோதனைக்காக வடக்கே கொண்டுசெல்லப்பட்டு, சுற்றிவளைத்து, 200 கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்து, தெற்கேயுள்ள இவாக்கி நகரத்துப் பாடசாலையொன்றில் இறக்கப்பட்டனர். நேர்வழியிற் சென்றிருந்தால் தூரம் அதில் மூன்றிலொரு பங்குகூட இராது. மின்சாரக் கம்பனியின் முன்னாள் தலைவர்கள்மீது பின்னர் தொடுக்கப்பட்ட வழக்கிலே இந்த நோயாளருள்ளும் முதியோருள்ளும் 44 பேரின் மரணம் குற்றமாக முன்வைக்கப்பட்டது. பிரதிவாதிகள் விடுதலை செய்யப்பட்டனர். இறந்தோர் எவரும் எண்ணப்படாதவர் அல்லர். அவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்திருந்தது. அவர்களைத் தூக்குவதற்கு எத்தனை கைகள், உடன் செல்ல எத்தனை தாதியர் வேண்டும் என்பதைத்தான் எவரும் எண்ணவில்லை.

இதனை உணர்ந்த நீதிமன்றமும் உண்டு. தொக்காய் இரண்டாம் நிலையத்தைச் சுற்றி 30 கிலோமீற்றருக்குள் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவ்வலயத்துக்குட்பட்ட 14 உள்ளூராட்சிப் பிரிவுகளில் ஐந்து மாத்திரமே வெளியேற்றத் திட்டம் வகுத்திருந்ததைக் கண்டு, 2021 மார்ச்சில் மித்தோ மாவட்ட நீதிமன்றம் அந்நிலையத்தை இயக்கத் தடைவிதித்தது. திட்டமொன்றை நீதிபதிகள் உண்மையாகவே வாசித்துத் தீர்ப்புக் கூறிய அரிய சந்தர்ப்பம் இது.

எமது கடலுக்கு அப்பால் கூடங்குளமும் இருக்கின்றது. இந்தியாவில் அவசரகாலத் திட்ட வலயம் 16 கிலோமீற்றர். 2011இன் பின் 2021இல் நடக்கவேண்டியிருந்த குடிசன மதிப்பு உரிய காலத்தில் நடைபெறவில்லை. இரவிலே கடலுக்குப் போகும் மீனவனை எந்தத் தெருவழியே வெளியேற்றுவது என்பது வேறு கேள்வி.

மீண்டும் ஒகுமாவுக்கு வருவோம். 2010இன் குடிசன மதிப்பில் அதன் குடித்தொகை 11,515. அடுத்த மதிப்பு 2015 ஒக்டோபர் 1இல் எடுக்கப்பட்டது. அட்டவணையில் ஒகுமாவுக்கு நேரே பூச்சியம் என்றிருந்தது. அந்நகரின் வதிவோர் பதிவேட்டில் அப்பொழுதும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் இருந்தன. உடைந்த அணுவுலைகளைத் துப்புரவு செய்வதற்காக ஆயிரக்கணக்கான தொழிலாளர் தினந்தோறும் அங்கு வந்து, மாலையிலே திரும்பிச் சென்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் வேறூர்களில் உறங்கியமையால் வேறூர்களில் எண்ணப்பட்டார்கள்.