பட்டா யார் பேர்ல?

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டிலிருந்து ஒரு ஆளை எச்-1பி விசாவில் புதிதாக வேலைக்குக் கூப்பிட வேண்டுமானால், கூப்பிடும் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். உத்தரவு அமலுக்கு வரும் நேரம், நம்ம ஊர்க் கடிகாரப்படி ஞாயிறு காலை 9.31. அன்றைக்கு மகாளய அமாவாசை. பேரூர் படித்துறையில் ஜனங்கள் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பல வீடுகளில் லீவுக்கு வந்திருந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப விமான டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மைக்ரோசாஃப்ட், அமேசான் மாதிரியான கம்பெனிகள், 'வெளியே இருப்பவர்கள் உடனே வந்துவிடுங்கள், உள்ளே இருப்பவர்கள் நகராதீர்கள்' என்று ஊழியர்களுக்கு மெயில் தட்டின. வர்த்தக அமைச்சர் இது வருஷா வருஷம் கட்ட வேண்டிய தொகை என்றார். மறுநாளே வெள்ளை மாளிகை, 'இல்லையில்லை, ஒரே தடவைதான், புது மனுவுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம்' என்றது. அதற்குள் கிரெடிட் கார்டைத் தேய்த்தவர்கள் தேய்த்தாச்சு.

அப்புறம் நம்ம பக்கத்து விவாதங்கள் ஆரம்பித்தன. ஒரு கோஷ்டி, நம்ம பசங்க இல்லாவிட்டால் சிலிக்கான் வேலியை ஒரே வாரத்தில் இழுத்து மூட வேண்டியதுதான் என்றது. இன்னொரு கோஷ்டி, நல்லதாப் போச்சு, எல்லாரும் திரும்பி வந்து தாய்நாட்டுக்கு உழைக்கட்டும் என்றது. (இப்படிச் சொல்பவரின் சொந்த மகன் பெரும்பாலும் டல்லாஸில் இருப்பான்.)

அமெரிக்காவில் நடக்கும் சண்டையும் தரத்தில் இதைவிட ஒன்றும் உசத்தி இல்லை. 2024 டிசம்பரில் சென்னைக்காரரான ஸ்ரீராம் கிருஷ்ணனை செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக டிரம்ப் அறிவித்தார். அவர் காட்டாங்குளத்தூரில் இன்ஜினீயரிங் படித்துவிட்டுப் போனவர். கிரீன் கார்டில் இருக்கும் நாட்டுவாரி உச்சவரம்பை எடுக்க வேண்டும் என்று அவர் முன்பு எழுதியிருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். டிரம்பின் சொந்த ஆதரவாளர்களே ரெண்டு அணியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். அவர் பேசியது கிரீன் கார்டு பற்றி. அடித்துக்கொண்டது எச்-1பி பற்றி. ரெண்டும் வேறு வேறு என்று சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. பாலக்காட்டுப் பூர்வீகம் கொண்ட விவேக் ராமசாமி ஒரு படி மேலே போய், அமெரிக்கக் கலாசாரமே சுமாரான ஆட்களைக் கொண்டாடுகிறது என்று வாத்தியார் வேலை பார்த்தார். கேட்டவர்களுக்கு எரிந்திருக்கும். எரியத்தானே செய்யும்? வேலை போனவனிடம் 'நீ சரியாப் படிக்கல' என்று யாராவது சொல்வார்களா?

ஆக, இவன் மேதை என்கிறது ஒரு குரல். இவன் வேலைத் திருடன் என்கிறது இன்னொரு குரல். ரெண்டு பேரும் ஆளைத்தான் பார்க்கிறார்கள். காகிதத்தைப் பார்ப்பதில்லை.

நான் பி.காம். கோடு எழுதத் தெரியாது. பேரேடு பார்க்கத் தெரியும். அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

எங்கள் கொங்குப் பக்கம் நிலத் தகராறு என்று யாராவது வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பட்டா யார் பேர்ல இருக்குது?" மற்ற வீரவசனமெல்லாம் அப்புறம்தான். எச்-1பி விசாவிலும் இதைக் கேட்டுப் பாருங்கள். பட்டா கம்பெனி பேரில். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் படிவத்தில் கம்பெனிதான் மனுதாரர். ராத்திரி பகலாக வேலை செய்யப் போகிற நம்ம பையனுக்கு அதில் பெயர், பயனாளி. ஏதோ இலவச கிரைண்டர் வாங்க வரிசையில் நிற்பவர் மாதிரி.

1990-ல், அப்பா புஷ் காலத்தில் வந்த சட்டம் இது. வருஷத்துக்கு 65,000 விசா என்று வைத்தார்கள். டாட்காம் ஜுரம் அடித்த 2001 முதல் 2003 வரை அது 1,95,000 வரை போய், 2004-ல் திரும்ப 65,000-க்கு வந்தது. பிறகு அங்கேயே மேல்படிப்பு முடித்தவர்களுக்குத் தனியாக 20,000 சேர்த்தார்கள். கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல். அனுமதி கிடைப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள். மூன்று வருஷம், பிறகு இன்னொரு மூன்று வருஷம். வேலை போனால் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு வகை விசாவுக்கு மாற வேண்டும். ரெண்டும் முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். வீட்டுக் கடன், காரு, இங்கிலீஷில் மட்டும் பேசும் பிள்ளை எல்லாம் சேர்த்து 60 நாள்.

'வேறு கம்பெனிக்கு மாறலாமே?' என்று கேட்பீர்கள். மாறலாம். 2000-லிருந்து சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் புதுக் கம்பெனியும் மனு போட சம்மதிக்க வேண்டும். கிரீன் கார்டு வேலைகள் நடுவில் இருந்தால், அதையும் பெரும்பாலும் அவர்கள் முதலிலிருந்து செய்ய வேண்டும். இங்கேதான் ஸ்ரீராம் கிருஷ்ணன் சொன்ன அந்த உச்சவரம்பு வந்து உட்காருகிறது. வேலைவழி கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000. மனைவி மக்களும் இந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மற்றவர்கள் வாங்காமல் விட்டதில் ஏதாவது சிந்தினால் உண்டு. நூற்று நாற்பது கோடி பேர் இருக்கும் இந்தியாவுக்கும், கோவை மாநகராட்சியின் பாதிகூட ஜனத்தொகை இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே 7 சதவீதம். அதனால் இந்தியர்கள் வரிசை பல லட்சம் பேர் நீளம். இப்போது கடைசியில் போய் நிற்பவருக்கு ரிட்டயர் ஆகும் முன்பு முறை வருமா என்பதே சந்தேகம். சின்ன வயசில் கூட்டிப்போன பிள்ளைக்கு 21 வயது முடிந்துவிட்டால், அது அப்பாவின் வரிசையிலிருந்து உதிர்ந்துவிடும். அது தனியாக ஒரு விசா தேட வேண்டும்.

இந்த நிலைமையில் இருக்கும் ஒருவர் முதலாளியிடம் போய் 'சம்பளம் கம்மியா இருக்குங்க' என்று மேசையைத் தட்டுவாரா? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்பாரா?

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி தெரிந்தவர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தறி ஓட்ட வரும்போதே பட்டறைக்காரர் அட்வான்ஸ் கொடுப்பார். கூலியில் கழியும், கழியாமலும் நிற்கும். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால், புது முதலாளி பழைய முதலாளிக்கு அந்தப் பாக்கியைக் கட்டி ஆளைக் கூட்டிப்போக வேண்டும். இன்னும் பின்னால் போனால் இலங்கைத் தேயிலைத் தோட்டம். கங்காணி பிடித்துப் போன தமிழர்களுக்கு அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு உண்டு. இவர் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் காகிதம். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. 1921-ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

சம்பளத்தை நான் ஒப்பிடவில்லை. லயத்தில் கிடந்தவரையும், நியூஜெர்ஸியில் ரெண்டு காரு வைத்திருப்பவரையும் ஒரே தராசில் வைத்தால் தோட்டத்தில் செத்துப்போனவர்களுக்கு அவமானம். நான் ஒப்பிடுவது காகிதத்தின் வேலையை. ஆள் நகராமல் பார்த்துக்கொள்வதுதான் மூன்று காகிதத்துக்கும் வேலை.

இப்போது அமெரிக்கத் தொழிலாளி பக்கம் வாருங்கள். நம் பத்திரிகைகள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் திருப்புவதே இல்லை. 2014 கடைசியில் ஃப்ளோரிடாவின் டிஸ்னி நிறுவனம் கம்ப்யூட்டர் பிரிவில் சுமார் 250 பேருக்கு வேலை முடிந்தது என்று சொன்னது. வீட்டுக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. தங்கள் இடத்துக்கு வரும் இந்திய ஒப்பந்த ஊழியர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தை எடுத்திருந்தது எச்.சி.எல். அதை உருவாக்கிய ஷிவ் நாடார் படித்தது நம்ம பீளமேடு பி.எஸ்.ஜி.டெக்கில்தான். அதற்காக நாம் பெருமைப்படுகிறோம், படலாம். ஆனால் தன் நாற்காலிக்கு வருகிற ஆளுக்குத் தானே பாடம் நடத்திவிட்டுப் போனவரின் வயிற்றெரிச்சலும் அதே கதையின் பாகம். காரமடை கறிவேப்பிலை ஊரு. தாளித்ததும் இலையோரமாக ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

எல்லா எச்-1பியும் மலிவுக் கூலி என்று சொல்வதும் தப்பு. கூகுளும் மைக்ரோசாஃப்டும் கை நிறையத்தான் கொடுக்கின்றன. ஆனால் சட்டத்திலேயே ஓட்டை உண்டு. ஒரு வட்டாரத்தில் ஒரு வேலைக்குக் கொடுக்கும் சம்பளத்தை நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். கீழே இருக்கும் ரெண்டு படியும் அந்த வட்டாரத்தின் நடுமட்டச் சம்பளத்துக்குக் கீழே. எச்-1பி ஆட்களையே அதிகம் வைத்திருக்கும் கம்பெனிகள் உள்ளூர் ஆளை நீக்கக் கூடாது என்று 1998-ல் ஒரு நிபந்தனை போட்டார்கள். கையோடு விலக்கும் கொடுத்தார்கள்: 60,000 டாலர் கொடுத்தால் அந்த நிபந்தனை பொருந்தாது. 1998-ல் அது கௌரவமான தொகை. அதற்குப் பிறகு அங்கே எல்லாமே விலை ஏறியது. அந்த 60,000 மட்டும் அப்படியே நின்றது.

சரி, ஒரு லட்சம் டாலர் வைத்தியம் எப்படி? வருகிற ஆள் எண்ணிக்கை குறையும், அது உண்மை. சின்னக் கம்பெனி, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாம் முதலில் அடிவாங்கும். அங்கேயே படித்துவிட்டு விசா மாறுபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள். டிசம்பரில் வந்த இன்னொரு விதி, அதிகச் சம்பளப் படியில் இருப்பவருக்குக் குலுக்கலில் அதிகச் சீட்டு என்றது. இது கட்டணத்தைவிடப் புத்திசாலித்தனம். ஆனால் பட்டா? அது அசையவே இல்லை. இன்னும் மோசம் என்பேன். ஒரு ஆளுக்கு 88 லட்சம் கட்டின முதலாளி அவனை லேசில் விடுவாரா? விசாச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது, நடுவில் விலகினால் அபராதம் போடக் கூடாது, வேலை இல்லாமல் 'பெஞ்ச்'சில் உட்கார வைத்தாலும் சம்பளம் தர வேண்டும் என்றெல்லாம் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. சில்லறை கன்சல்டன்சிகள் நடத்தும் விருந்தினர் விடுதிகளில் ஆறு பேர் ஒரு அறையில் படுத்து எழுந்தவர்களைக் கேளுங்கள், அந்தச் சட்டம் அந்த வாசல்வரை வந்ததா என்று. புகார் கொடுத்தால் முதலில் போவது தன் விசா என்பதால் வாயைத் திறப்பவர்கள் குறைவு.

தொழிலாளிக்கு என்னதான் வேண்டும்? அதற்கு 2023 ஜூலையில் ஒரு பரீட்சை நடந்தது. கனடா அரசாங்கம், அமெரிக்காவில் எச்-1பி வைத்திருப்பவர்கள் எங்கள் ஊருக்கு வரலாம், மூன்று வருஷ பெர்மிட், ஏறக்குறைய எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம் என்றது. 10,000 இடம். ரெண்டு நாளுக்குள் தீர்ந்துவிட்டது. கனடாவில் சம்பளம் குறைவு, குளிர் அதிகம். ஆனாலும் ஓடினார்கள். காகிதம் தன் பேரில் இருக்கிறது என்பதற்காக. கத்தார்கூட, வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியிடம் அனுமதிக் கடிதம் வாங்கும் முறையை 2020-ல் சட்டப்படி எடுத்துவிட்டது. நடைமுறையில் இழுபறி உண்டு என்றாலும் சட்டம் மாறியது.

கால் கட்டப்படாத ஆளை மலிவாகப் பிடித்துவைக்க முடியாது. அப்போது உள்ளூர்க்காரனைத் துரத்திவிட்டு வெளியூர்க்காரனை வைப்பதில் முதலாளிக்கு லாபமும் அவ்வளவு இருக்காது. டிஸ்னியில் வேலை போனவரும், அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய கோரிக்கை இது. கேட்கவில்லை. ஒருவர் கையில் 'திரும்பிப் போ' அட்டை. இன்னொருவர் கையில் 'நாங்கள் மேதைகள்' அட்டை.

இதையெல்லாம் நாம் கோயமுத்தூரில் உட்கார்ந்து பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டு டீக்கடையில் டிரம்பைத் திட்டிவிட்டுத் திரும்பும் அதே வாய், "வடக்கனுக வந்து கூலியக் கெடுத்துப்போட்டானுங்க" என்கிறது. ஃபவுண்டரியிலும் பனியன் கம்பெனியிலும் பீகார், ஒடிசாக்காரர்கள் இல்லாவிட்டால் மறுநாள் ஷிஃப்ட் ஓடாது. 2023 மார்ச்சில் அவர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகளையே அனுப்பி, திருப்பூரிலும் கோவையிலும் விசாரித்தது. ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம் அலைமோதியது. மில் முதலாளிகள் இந்தியில் நோட்டீஸ் ஒட்டிக் கெஞ்ச வேண்டி வந்தது. அமெரிக்கன் நம்மைப் பற்றிச் சொல்வதை அட்சரம் பிசகாமல் நாம் அவர்களைப் பற்றிச் சொல்கிறோம். சமஸ்திபூர் பையனுக்கு ஒரே ஒரு வசதி: இந்த மில் பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு எதிர் மில்லுக்குப் போகலாம். அவனிடம் யாரும் விசா கேட்க முடியாது.

காரமடையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகன் 2025 டிசம்பர் தொடக்கத்தில் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தான். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் அடிக்க அந்த மாசக் கடைசியில் சென்னைத் தூதரகத்தில் நேரம் வாங்கியிருந்தான். அந்தச் சமயத்தில்தான் விண்ணப்பிப்பவர்களின் சோஷியல் மீடியாவையெல்லாம் அலசப்போகிறோம் என்று இந்தியா முழுக்க அப்பாயின்ட்மென்ட்களைத் தள்ளி வைத்தார்கள். அவனுக்கு மார்ச் என்று மெயில் வந்தது. இங்கிருந்து ராத்திரியில் வேலை பார்க்கலாமா என்று கம்பெனியைக் கேட்டான். சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அப்பா காலண்டரைத் திருப்பி, எத்தனை மாச ஈ.எம்.ஐ. என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, அப்ப தம்பி அரங்கநாதர் தேருக்கு இங்கதான் இருப்பானுங்களா?"