பீலிக்கரையில் ஒரு வெள்ளிப் பட்டி

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் பல இடங்களில் ஒதுங்கி நடக்க ஓரமே இல்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. நடுவிலே பஸ், கொழுந்து லொறி, ஆட்டோ, ஸ்டோரில் இரவு வேலை முடித்து லயத்துக்கு நடக்கும் மனிதர். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். கறுப்புக் குடையும் கருநீல ஸ்வெட்டருமாக நடப்பவரை ஓட்டுநர் சில விநாடி முன்னதாகப் பார்த்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தச் சில விநாடிக்காகத்தான் ஒளி திருப்பும் பட்டி தைத்த ஜெக்கட்.

கடையில் புதிதாகப் பார்த்தால் எல்லா ஜெக்கட்டும் பளிச்சென்றுதான் இருக்கும். எனக்குத் தெரியவேண்டியிருந்தது துவைத்த பிறகான நிலை. அதனால் ஒரே ஜெக்கட்டில் இரண்டு வகைப் பட்டிகளைத் தைக்கச் சொன்னேன். இடது பாதியில், எங்கும் கிடைக்கும் சாம்பல்வெள்ளித் துணிப்பட்டி. வலது பாதியில், தேன்கூட்டுக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் பட்டி. இரண்டிலும் ஒவ்வொரு துண்டை வெட்டி, துவைக்காமல் எடுத்து வைத்தேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோர் வேலைக்குப் போகும் ஒருவரிடம் ஜெக்கட்டைக் கொடுத்தேன். மற்ற உடுப்பு மாதிரியே இதையும் துவையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உடுத்த வசதியானது துணிப்பட்டிதான். மெல்லியது, உடம்போடு மடங்கும். பிளாஸ்டிக் பட்டி விறைப்பு. விடியற்காலைக் குளிரில் இன்னும் விறைக்கும். துவைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது.

துணிப்பட்டியின் ஒளி, அதன் முகத்தில் பதிந்திருக்கும் கண்ணாடி மணிகளில் இருக்கிறது. ஒரு மணி, மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. தயாரிக்கும்போது மணிகளை ஒரு தற்காலிகத் தாளில் பாதி அமிழ்த்துவார்கள். வெளியே நிற்கும் பாதிக்கு வெற்றிடத்தில் அலுமினிய ஆவி பூசி, அதன்மேல் பிசினும் துணியும் ஒட்டி, கடைசியில் தாளை உரித்துவிடுவார்கள். விளக்கொளி மணிக்குள் நுழைந்து, பின்னாலுள்ள அலுமினியத்தில் பட்டு, வந்த திசைக்கே திரும்பும். ஆகவே வண்டி விளக்குக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குப் பளீரென்று தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. துவைப்பைத் தாங்கவேண்டியது அந்தப் பிசின். அது மணியை விட்டுவிட்டால் ஒளியும் போய்விடும். காரம் அலுமினியத்தை அரிக்கும். குளோரின் வெளுப்பான் படவே கூடாது.

பீலிக்கரையில் ஜெக்கட் கல்லில் அடிபடும், சவுக்காரக் கட்டியால் தேய்படும், பிரஷ் படும். ஜெக்கட் போடுபவரின் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். "பிரஷ் போடாம தேயிலைக் கறை எங்கண்ணே போகும்?" என்றார். அவர் சொல்வது சரி. ஆனால் சில வாரத்திலேயே இடது பாதியில், தோள் மடிப்பிலும் கல்லில் அடிபடும் விளிம்பிலும் வெள்ளி உரிந்து சாம்பல் துணி தெரிந்தது. பகலில் பார்த்தால் பட்டி ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். துவைக்காத துண்டைப் பக்கத்தில் வைத்து இருட்டில் டோர்ச் அடித்தால்தான் எவ்வளவு போய்விட்டது என்று விளங்கும். வலது பாதியில் கீறல்கள் இருந்தன, ஒளி இருந்தது.

மழையில் வித்தியாசம் இன்னும் கூடியது. மணிகளின் முகம் காற்றுக்குத் திறந்திருப்பதை வைத்துத்தான் அவற்றின் ஒளிவளைவு கணக்கிடப்பட்டிருக்கிறது. மேலே தண்ணீர்ப் படலம் படிந்தால் ஒளி அலுமினியத்தில் சரியாகக் குவிவதில்லை. பிளாஸ்டிக் பட்டிக்குள் இருப்பவை நுண்ணிய மூலைப் பட்டகங்கள். வெளிமுகம் வழவழப்பு, தண்ணீர் அதைக் கெடுப்பது குறைவு. தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்காக நனையும் இந்த மலைச்சரிவுகளுக்குப் பிளாஸ்டிக் பட்டியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதுவே போதுமான காரணம்.

இத்தகைய உடுப்புக்குப் பல நாடுகளில் பின்பற்றும் தரம் ஐ.எஸ்.ஓ. 20471. புதுப்பட்டியில் ஏறக்குறைய நேரெதிரே விழும் ஒளிக்கு 330 என்ற திருப்பு அளவு வேண்டும் என்கிறது அது. துவைப்புச் சோதனைக்குப் பிறகு 100 இருந்தாலே தேறிவிடும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு ஒளியை இழந்த பட்டியும் தரத்துக்குள்தான். எத்தனை துவைப்பு என்பதைத் தயாரிப்பாளரே லேபிளில் சொல்லவேண்டும். மொத்தமாக ஜெக்கட் வாங்கும் தோட்ட நிர்வாகம் விலையைப் பார்க்குமுன் அந்த எண்ணைப் பார்க்கவேண்டும். அந்த எண்ணும் இயந்திரத் துவைப்புக்கு உரியது, கல்லுக்கு அல்ல.

ஜெக்கட்டின் மஞ்சள்பச்சை நிறம் வேறு விஷயம். மாலை நாலு மணிக்கே மூடும் பனியில், பகல் வெளிச்சம் இருக்கும்வரை அது உதவும். இரவில் அதனால் பயனில்லை, பட்டிதான் பேசவேண்டும். வெயிலில் காயப்போட்டால் நிறம் வெளிறும் என்பதால் நிழலில் உலர்த்துவது நல்லது.

இந்த ஜெக்கட்டுகளைத் தைப்பவர்கள் கொழுந்து மலையைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். மழை வந்தால் நம் பெண்கள் தலையிலிருந்து முதுகு மூடப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். இடுப்பில் படங்கு. முதுகில் கூடை. உள்ளே எந்த ஜெக்கட் இருந்தாலும் பின்னால் வரும் லொறிக்குத் தெரியாது. பட்டி இருக்கவேண்டியது ஆக வெளியே இருக்கும் பொருளில்: மழை விரிப்பின் முதுகில், கூடையின் விளிம்பில். 5 சென்டிமீட்டர் அகலப் பிளாஸ்டிக் பட்டியை விரிப்பின் ஓரத்தில் மடித்துத் தைத்துப் பார்த்தேன், நன்றாக நின்றது. துவைக்கவே தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஸ்டோர் வேலைக்காரருக்கும் டவுனுக்குப் போய் இரவில் திரும்புபவருக்கும் பிளாஸ்டிக் பட்டி தைத்த ஜெக்கட்டைத்தான் சொல்வேன். துணிப்பட்டி ஏற்கெனவே கையில் இருந்தால், பட்டியை உள்பக்கம் திருப்பி, வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் அலசுங்கள். மாதத்துக்கு ஒருமுறை இருட்டில் பத்தடி தள்ளித் தொங்கவிட்டு, ஃபிளாஷ் போட்டுக் கைப்பேசியில் படம் எடுங்கள். புதிய துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். படத்தில் பட்டி மங்கித் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் ஜெக்கட்டை வீசவேண்டாம். துணியின் நிறம் நன்றாக இருந்தால், பழைய பட்டியைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைத்துக்கொள்ளலாம். தையல் இயந்திரம் உள்ள எவரும் ஒரு மாலைக்குள் முடித்துவிடுவார்கள்.