ஒற்றியூர்ப் பாட்டு அச்சேறிய ஆண்டு

தமிழ் இலக்கிய வாழ்வில் ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது, நண்பர்கள் ஆளுக்கொரு ஆண்டைச் சொன்னார்கள். ‘மணிக்கொடி’ தோன்றிய 1933 என்றார் ஒருவர். ‘எழுத்து’ தொடங்கிய 1959 என்றார் இன்னொருவர். இரண்டும் நல்ல ஆண்டுகள்தாம். ஆனால் அவற்றைப் பற்றி அவற்றில் எழுதியவர்களே நிறையச் சொல்லிவிட்டார்கள். தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் எங்கள் தொழிலில் யாரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. நான் எடுத்துக்கொண்டது 1867. காரணம் சாதாரணமானது. நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். அந்த ஆண்டு அச்சேறிய ஒரு புத்தகத்தில் பெரும் பகுதி, ஏறக்குறைய என் வீட்டு வாசல் வழியாகத் தினம் நடந்துபோன ஒருவர் பாடியது.

திருவருட்பாவைத்தான் சொல்கிறேன். 1867 பிப்ரவரியில் அதன் முதல் நான்கு திருமுறைகள் சென்னையில் வெளிவந்தன. பதிப்பித்தவர் இராமலிங்க அடிகளின் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். பக்தி நூல் என்று ஒதுக்கிவிட்டு நாவலுக்குப் போகிற வாசகர்கள் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். இந்தப் புத்தகம் வெளிவந்த கதையே ஒரு நாவலுக்குக் காணும்.

ஆசிரியருக்கு அச்சில் ஆசையே இல்லை. ஆசைப்பட்டவர் இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவது என்று அவர் விரதம் எடுத்துக்கொண்டார். அந்தச் செய்தி அடிகளை எட்டியது. 1860 டிசம்பரில் அவர் எழுதிய கடிதத்தில், ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டு, இரண்டொரு மாதத்தில் பாடல்கள் வரும் என்றும் நம்பிக்கை கொடுக்கிறார். இரண்டொரு மாதம் ஆறு வருஷமாயிற்று. எழுத்தாளர்கள் சொல்லும் கெடு எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

1866-ல் இன்னொரு சங்கடம் வந்தது. ஒற்றியூர்ப் பாடல்களை வேறு யாரோ அச்சிட முயல்வதாகத் தெரிந்தது. அப்போதுதான் அடிகள் அரை மனத்தோடு இசைந்தார். ஒற்றியூர்ப் பாடல்களை மட்டும் வேண்டுமானால் அச்சிடுங்கள், மற்றவற்றை நிறுத்தி வையுங்கள் என்று எழுதினார். தம் பெயரை ‘இராமலிங்கசாமி’ என்று போடுவது ஆரவாரமாகப் படுகிறது, வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அன்பர்கள் இரண்டையும் அவர் கேட்டபடி விட்டுவைக்கவில்லை. ஒற்றியூர்ப் பாடல்களோடு நிற்காமல் நான்கு திருமுறைகளாகத் தொகுத்தார்கள். ‘சாமி’யை விட்டார்கள், அதைவிடப் பெரிய பட்டமாகத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று சேர்த்தார்கள். நூலுக்கும் ‘திருவருட்பா’ என்று பெயர் வைத்தார்கள். எல்லாம் அன்பினால் செய்தது. என் முதல் நாவலை வெளியிட்ட பதிப்பாளரும் அன்பினால்தான் அதன் தலைப்பை மாற்றினார். இன்றுவரை அந்தத் தலைப்பை என் வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெயரும் தலைப்பும் கிளப்பிய சண்டையை எல்லோரும் அறிவார்கள். ஆறுமுக நாவலர் தரப்பு ‘இது அருட்பா அல்ல’ என்றது. கண்டன நூல்கள் பறந்தன. 1869-ல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. 1903-ல் கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் அதை மறுபடி தொடர்ந்தார்கள். இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் 1867 என்றதும் இந்தச் சண்டைக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. அட்டையைப் பற்றி நடந்த சண்டை அது. உள்ளே இருந்த பாட்டுக்கு நேர்ந்தது வேறு. அதைப் பற்றி அதிகம் பேர் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

என் குறை இதுதான்: புத்தகத்தில் பாடல்கள் நின்ற வரிசை, மனிதனை மறைத்துவிட்டது. புரட்டினால் முதலில் வருவது ‘திருவடிப் புகழ்ச்சி’, 128 அடி, பெரும்பாலும் வடமொழித் தொடர்கள். பழக்கமில்லாத வாசகன் அங்கேயே மூச்சுத் திணறிப் புத்தகத்தை மூடிவிடுவான். ஒற்றியூர்ப் பதிகங்கள் இரண்டாம் திருமுறையில் கிடக்கின்றன. சென்னைக் கந்தகோட்டத்து முருகனைச் சிறு வயதில் பாடியதாகச் சொல்லப்படும் ‘தெய்வமணிமாலை’ ஐந்தாம் திருமுறையில். அது வெளிவந்தது 1880-ல்தான், அடிகள் மறைந்து ஆறு வருஷம் கழித்து. சாதியும் சமயமும் சாத்திரமும் குப்பை என்று உதறுகிற ஆறாம் திருமுறையை முதலியார் வெளியிடவே இல்லை. 1885-ல் மற்றவர்கள் வெளியிட்டார்கள். பையன் எழுதியது கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று, கிழவர் எழுதியது பெட்டிக்குள் போயிற்று. கால வரிசையில் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க 1972-ல் ஊரன் அடிகள் பதிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலியார் புலவர்; சைவத் திருமுறை மரபு அவர் கண்ணில் நின்றது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதன் வளர்ந்த கதை அந்த வரிசையில் தெரியாமல் போயிற்று என்பதை ஒரு நாவலாசிரியன் சொல்லாமல் யார் சொல்வது?

அந்தக் கதையைத் தேடித்தான் சென்ற மாதம் ஒரு விடியற்காலை ஏழுகிணறு வீராசாமித் தெருவிலிருந்து திருவொற்றியூர் வரை நடந்தேன். அந்தத் தெருவில்தான் அண்ணன் வீட்டில் இராமலிங்கம் வளர்ந்தார். சுமார் 1858 வரை, இருபது வருஷத்துக்கு மேல், அங்கிருந்து ஒற்றியூர்க் கோயிலுக்குப் போய்வந்தார் என்பது வழக்கு. எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. இராயபுரத்தில் 1856-ல் திறந்த ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. அதன் தூண்கள் எழும்பியதை அவர் பார்த்துக்கொண்டே போயிருப்பார். இப்போது தலைக்கு மேல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. கிழக்கே கடலோரச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கின்றன.

நடந்தபின் படித்தபோது ஒற்றியூர்ப் பதிகங்கள் எனக்கு வேறு மாதிரி ஒலித்தன. தம் நெஞ்சை ஒற்றியூருக்கு வா, வா என்று கெஞ்சி அழைக்கும் பாட்டுக்கள் எத்தனை! கோயிலுக்குள் உட்கார்ந்தவன் பாட்டு அல்ல இது. பாதி வழியில் கால் தயங்குகிறவன் பாட்டு. செல்வர் வீட்டு வாசலில் போய் நிற்பதா என்று கூசுகிறவன், படிப்பை விட்டுவிட்டு அண்ணன் சோற்றைச் சாப்பிடுகிறவன், தன் மனத்தைத் தானே வைது தீர்க்கிறவன் அங்கே தெரிகிறான். ஒற்றி என்றால் அடமானம். ஊரையே ஒற்றி வைத்துவிட்ட கடவுளிடம் என்னத்தைக் கேட்பது என்று அவனுக்குக் குறும்பும் வருகிறது. ‘இங்கிதமாலை’ முழுவதும் இந்தச் சிலேடை விளையாட்டுத்தான்.

எல்லாம் உயர்ந்த கவிதை என்று சொல்லமாட்டேன். ஒரே புலம்பல் பதிகத்துக்குப் பதிகம் திரும்ப வருகிறது. பெண்களைப் பற்றிய வசவுகள் மரபிலிருந்து கடன் வாங்கியவை. அவற்றை வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறவர்கள், என் கதாநாயகன் குடித்தால் எனக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதும் வாசகர்களுக்கு உறவு. கவிதை என்று முழுமையாகச் சொல்லக்கூடியது ‘வடிவுடை மாணிக்கமாலை’. நூற்றொரு பாட்டிலும் ஒரு தளர்ச்சி இல்லை. அம்மனிடம் பேசும்போது மட்டும் அந்த இளைஞனுக்குத் தன்னை வைதுகொள்ளத் தேவையில்லாமல் போகிறது.

அந்த அம்மனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஓரிரவு நேரங்கழித்து வீடு திரும்பிய இராமலிங்கம், கதவைத் தட்ட மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். வடிவுடையம்மனே அண்ணி வடிவில் வந்து சோறு போட்டாளாம். நடந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. திண்ணையும் பசியும் நடந்திருக்கும், அது போதும். ஏனென்றால் அந்தப் புத்தகம் வந்த மூன்றே மாதத்தில், 1867 மே 23 அன்று, இதே மனிதர் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்து, வந்தவர்க்கெல்லாம் சோறு போட அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. சென்னையில் அன்பர்கள் அவருடைய இளமையை அச்சில் கோத்துக்கொண்டிருந்தபோது, அவர் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தார். புத்தகத்துக்கு ஆறு வருஷம் தயங்கியவர் அடுப்புக்குத் தயங்கவில்லை. இரண்டையும் ஒரே ஆண்டில் வைத்துப் பார்க்கும்போது, அரை மனத்தோடு அவர் கொடுத்த அந்த அனுமதி எனக்குப் புரிகிறாற்போல் இருக்கிறது. மற்றவற்றை நிறுத்தி வைக்கச் சொன்னவர், பசியோடு நடந்த பையனின் பாட்டை மட்டும் போகட்டும் என்று விட்டார்.

அன்று நடை முடிந்ததும் கோயில் அருகே ஒரு கடையில் ஒற்றியூர்ப் பாடல்கள் மட்டும் தனிப் புத்தகமாகக் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் ‘வடிவுடை மாணிக்கமாலை’ சிறு புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தார்.

“மத்தது?” என்றேன்.

“மத்ததெல்லாம் பெரிய புஸ்தகத்துலதான் சார் இருக்கும். தனியா யாரும் கேக்கறதில்ல.”

சிறு புத்தகத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.