வளைவை எடுக்கும் விதம்

சக்கரக் காலணியில் ஆடும் ரோலர் டெர்பியின் பழைய ரசிகரிடம் போய், ‘எல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஆடியதுதானே?’ என்று கேட்டுப் பாருங்கள். கோபப்பட மாட்டார். பாதி விளையாட்டு, பாதி நாடகம் என்பது ஊரறிந்த விஷயம். அடுத்த மூச்சில், வீராங்கனை ஜோன் வெஸ்டன் வளைவை எப்படி எடுப்பார் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார். ஜெயித்தது யார் என்பது அவருக்கு மறந்திருக்கும். அந்த வளைவு மட்டும் மறக்காது. இந்த ஆட்டத்தின் தரத்தை ரசிகர்கள் அளந்த கோல் அதுதான்.

அந்தக் கால ஆட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடுவோம். முட்டை வடிவத் தளம், வெளி ஓரம் கிண்ணம்போல மேலே சாய்ந்திருக்கும். அணிக்கு ஐந்து பேர், ஒவ்வொரு காலிலும் நான்கு சக்கரங்கள். கூட்டமாகச் சுற்றி வரும்போது அதிலிருந்து புள்ளி எடுக்கும் ஜாமர்கள் பிய்த்துக்கொண்டு முன்னே பாய்வார்கள். முழுச் சுற்று ஓடி, பின்னாலிருந்து வந்து எதிரணிக்காரர்களைத் தாண்ட வேண்டும். தாண்டிய தலைக்கு ஒரு புள்ளி. இதற்கு 60 விநாடிதான். சொந்த அணிக்காரர் கையை நீட்டுவார். ஜாமர் அதைப் பற்றியதும் கவண்கல்லை வீசுவதுபோல முன்னே சுழற்றி எறிவார். போதும் என்று பட்டால் முன்னணி ஜாமர் இரண்டு கையையும் இடுப்பில் வைப்பார், அந்தச் சுற்று அங்கேயே முடிந்துவிடும். ஆண்கள் ஒரு பகுதி, பெண்கள் ஒரு பகுதி என்று மாறி மாறி ஆடுவார்கள். விதியும் ஒன்றே, புள்ளியின் மதிப்பும் ஒன்றே. வேறு எந்தத் தொழில்முறை ஆட்டம் அந்தக் காலத்தில் பெண்ணின் புள்ளியை ஆணின் புள்ளியோடு சேர்த்துக் கூட்டியது?

1935 ஆகஸ்டில் லியோ செல்ட்சர் சிகாகோ கொலிசியத்தில் இதைத் தொடங்கியபோது மோதலே கிடையாது. ஆணும் பெண்ணும் ஜோடியாக, அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் தூரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடித் தீர்க்கும் பொறுமைப் போட்டி அது. ஓட்டக்காரர்கள் இடித்துக்கொள்ளும்போதுதான் கூட்டம் எழுந்து நிற்கிறது என்பதைப் பத்திரிகையாளர் டேமன் ரன்யன் மயாமியில் கவனித்துச் சொன்னார். செல்ட்சர் கேட்டுக்கொண்டார்.

தொலைக்காட்சியால் வந்த மூன்று பாணிகளில் முதலாவது நியூயார்க்குடையது. 1948 நவம்பரில் ஒளிபரப்பு தொடங்கியது. தளம் சின்னது, ஓட்டம் ஒரே திசையில். ஒன்றிரண்டு காமிராவே முழு ஆட்டத்தையும் பிடித்துவிடும். புதிதாய்ப் பெட்டி வாங்கிய வீடுகளுக்கு இதைவிட வாகான காட்சி இல்லை. அந்தப் பாணியின் முகம் மிட்ஜ் ‘டஃபி’ பிராசன். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. புரூக்ளின் அணிக்காக அவரும் நியூயார்க் சீஃப்ஸ் அணிக்காக ஜெரி மர்ரியும் மோதியதைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறார்கள். குட்டையான உடம்பு, தாழ்ந்த குனிவு, இடைவெளி தெரிந்த கணமே நுழைந்துவிடுவது: இதுதான் அந்தப் பள்ளி. ஏபிசி தொலைக்காட்சி வாரத்தில் பல இரவுகள் காட்டிக் காட்டித் திகட்ட வைத்தது. 1951-க்குள் அலை வடிந்துவிட்டது.

இரண்டாவது, சான் பிரான்சிஸ்கோ பாணி. என் கட்சியும் இதுதான். எஞ்சியிருக்கும் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. லியோவின் மகன் ஜெரி செல்ட்சர் கெஸார் பெவிலியனில் பே பாம்பர்ஸ் அணியின் ஆட்டங்களைப் பதிவுசெய்து, நாடாக்களை நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு அனுப்பினார். நாடா முன்னே போகும், நட்சத்திரங்கள் பின்னே போவார்கள். வண்டி ஊருக்குள் நுழையும்போதே ஜனங்களுக்கு எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும். அணிகள் எல்லாமே ஒரே முதலாளியுடையவை. ஆனாலும் பாம்பர்ஸ் நம்மவர்கள், வருகிற மற்றவர்கள் வில்லன்கள்.

ஜோன் வெஸ்டனுக்குப் பொன்னிறக் கூந்தல், நெடிய உடம்பு. நீளமான அடிகளாக எடுத்து வைத்து, சாய்தளத்தின் மேல் விளிம்புவரை ஏறி, அங்கிருந்து சரிவின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு உள்ளே இறங்குவார். உள்கால் வளைந்தே இருக்கும், வெளிக்கால் மட்டும் தள்ளும். தோள் அசையாது. பதிவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், இடிக்கும் முன்பே எதிராளி ஒதுங்க இடம் தேடுவது தெரிகிறது. ஆண்கள் பக்கத்தில் சார்லி ஓ’கானல். இடுப்பில் கை வைத்து ஆட்டத்தை நிறுத்துவதில்கூட ஒரு மிதப்பு. அதைப் பார்க்கவே அவரை வெறுத்தவர்களும் சீட்டு வாங்கினார்கள்.

வில்லி ஆன் கால்வெல்லோவுக்குத் தனிப் பத்தி இல்லாமல் முடியாது. தலைமுடிக்கு நாளொரு சாயம், வெயிலில் கறுத்த தோல், பலமுறை உடைந்த மூக்கு. ‘வாழைப்பழ மூக்கு’ என்று கூட்டம் கத்தும். அவரும் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிக் கத்துவார். வில்லிக்கு நன்றாக விழத் தெரிய வேண்டும், அதைவிட நன்றாக எழத் தெரிய வேண்டும். 1948-இல் வந்தவர் எழுபது வயதைத் தாண்டியும் சக்கரம் கட்டினார். வெஸ்டனைத் தெய்வமாக வைத்தவர்களும் பிற்காலத்தில் அதிகம் பேசுவது இவரைப் பற்றித்தான்.

மூன்றாவது, லாஸ் ஏஞ்சல்ஸில் 1961-இல் கிளம்பிய ரோலர் கேம்ஸ் என்ற போட்டி அமைப்பு. தண்டர்பேர்ட்ஸ் அணி, ஒலிம்பிக் ஆடிட்டோரியம், ‘வோ, நெல்லி!’ என்று கூவும் வர்ணனையாளர் டிக் லேன். இங்கே நாடகம் தூக்கல், சண்டையும் தூக்கல். டெர்பிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் குவாத்தமாலாவில் பிறந்த ரால்ஃபி வாயதாரெஸ் என்ற சிறிய மனிதர் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வரும் வேகத்தைப் பார்த்த பிறகு சுளித்த முகத்தை அப்படியே வைத்திருப்பது கஷ்டம். 1972 செப்டம்பரில் சிகாகோ கொமிஸ்கி பார்க்கில் இரு அமைப்பு ஆட்டக்காரர்களும் மோதியபோது வந்த கூட்டம் ஐம்பதாயிரத்துக்கும் மேல். இதே பாணி முற்றிப்போய், 1989-இல் எட்டு வடிவத் தளமும் முதலைக் குட்டையுமாக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாயிற்று. அதைப் பற்றி இரு கட்சியாரும் பேசுவதில்லை.

எண்ணெய்த் தட்டுப்பாடு நாட்டையே நிறுத்திய 1973 டிசம்பரில் ஜெரி செல்ட்சர் கடையைக் கட்டினார். வெஸ்டன் 1997-இலும் கால்வெல்லோ 2006-இலும் போய்விட்டார்கள்.

2001 வாக்கில் டெக்சஸின் ஆஸ்டினில் இளம்பெண்கள் ஆட்டத்தை மறுபடி எடுத்தார்கள். இன்று உலகெங்கும் பரவியிருப்பது பெரும்பாலும் சரிவில்லாத தட்டையான தளத்தில் ஆடுவது. முடிவு பேசி வைப்பதில்லை. பழைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் உட்கார்ந்ததும் முதலில் குறைபட்டுக்கொள்வது அந்தச் சரிவு இல்லாததைத்தான். வளைவே எடுக்கத் தெரியவில்லை என்று முணுமுணுப்பார்கள். அந்நேரம் முன்னணி ஜாமர் பெண், வேண்டிய புள்ளி கிடைத்துவிட்ட திருப்தியில், இரண்டு கையாலும் இடுப்பைத் தட்டுவாள். முணுமுணுத்தவர் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்.