தரையில் கிடந்தவளும் நம் இரண்டு கதைகளும்

‘பின்தங்கிய பகுதி’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. யாரோ மெத்தனமாக நடந்து தானாகவே பின்னால் தங்கிவிட்டது மாதிரி. ‘தாழ்ந்த’ என்பதைத் ‘தாழ்த்தப்பட்ட’ என்று மாற்றி, தாழ்த்தியவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லக் கற்ற மொழி இது. மருத்துவம் பற்றிய பேச்சில் மட்டும் அந்தப் பாடம் மறந்துபோகிறது. அமெரிக்கர்கள் இன்னும் நாசூக்காக, ‘சேவை குறைந்த பகுதி’ என்பார்கள். குறைத்தது யாருன்னு கேட்டா வாக்கியத்தில் பதில் இருக்காது. லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்கே, வாட்ஸை ஒட்டியுள்ள வில்லோபுரூக்கின் மருத்துவமனையை முன்வைத்து இந்த இலக்கணத்தைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம்.

1965 ஜூலை 30இல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு சட்டமானது. சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து வாட்ஸ் எரிந்தது. 34 பேர் செத்தார்கள். விசாரணைக் குழுவின் தலைவர் ஜான் மெக்கோன், சி.ஐ.ஏ.வின் முன்னாள் இயக்குநர் (ஊரின் நாடி பிடிக்க உளவுத்துறை ஆள்!). கறுப்பின மக்கள் வாழும் அந்தப் பகுதியில் மருத்துவ வசதி போதவில்லை என்பதை அந்தக் குழுவே எழுதவேண்டி வந்தது. கட்டடத்துக்குக் கடன்பத்திரம் வெளியிட 1966இல் வாக்கெடுப்பு நடந்தபோது தேவையான மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. மாவட்ட நிர்வாகம் வேறு வழியில் பணம் புரட்டி 1972இல் திறந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் வைத்தார்கள்.

ஆக, அது கலகம் பெற்ற பிள்ளை. அதனாலேயே அதன்மேல் இரண்டு கதையாடல்கள் படிந்தன. ஒன்று, ‘நம்ம ஆஸ்பத்திரி’. கறுப்பின மருத்துவர்களை உருவாக்கும் இடம், வேலை தரும் இடம், போராடிப் பெற்ற இடம். இன்னொன்று, அதே தெருக்காரர்களின் வாயிலேயே புழங்கிய பெயர்: ‘கொலைகார கிங்’. 2004இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் வெளியிட்ட தொடர் இந்த இரண்டாவது கதையை ஆவணப்படுத்தியது, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது.

அந்தத் தொடரைப் பொய் என்று தள்ள நான் வரவில்லை. இதயத்துடிப்பைக் காட்டும் கருவியைக் கவனிக்க ஆளில்லாமல் நோயாளிகள் இறந்தது நடந்த விஷயம். குறை சொன்னால் இனவெறியர் என்ற பட்டம் வருமோ என்று அரசியல்வாதிகள் ஒதுங்கிக்கொண்டதும் நடந்ததுதான். இங்கே நம் போன்ற செயல்பாட்டாளர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். போராடிப் பெற்ற நிறுவனத்தைக் காப்பது என்பது, அதற்குள் படுத்திருப்பவரைக் காப்பதாக எப்போதும் ஆகிவிடுவதில்லை. சின்னம் ஆகிவிட்ட கட்டடத்தில் புகார் சொல்பவர் துரோகி ஆகிவிடுகிறார்.

ஆனால் அந்தத் தொடரின் ஒரு வாதம் எனக்கு ஒப்பவில்லை. பணப் பற்றாக்குறை காரணமல்ல, மாவட்டத்தின் மற்ற பொது மருத்துவமனைகளைவிட இங்கே ஒரு நோயாளிக்கு அதிகமாகவே செலவாகிறது என்றது அது. யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஏழைகளின் ஆஸ்பத்திரியை இன்னொரு ஏழைகளின் ஆஸ்பத்திரியோடு நிறுத்துப் பார்த்துவிட்டு, தராசு நேராக இருக்கிறது என்கிறார்கள். மேற்கு லாஸ் ஏஞ்சல்ஸின் தனியார் காப்பீட்டு நோயாளி அந்தத் தராசில் ஏறவே இல்லை.

2007 மே மாதம். 43 வயதுப் பெண் ஒருத்தி அவசரப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில், குடலில் ஓட்டை விழுந்து, முக்கால் மணி நேரம் தரையில் துடித்தாள். துப்புரவுப் பணியாளர் அவளைச் சுற்றித் தரையைத் துடைத்தார். அவளுடைய துணைவர் அவசர எண்ணுக்குப் போன் செய்தார்: நீங்க ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க என்கிற பாணியில் பதில் வந்தது. கடைசியில் அவளைத் தேடி வந்தது காவல்துறை. பழைய பரோல் மீறலுக்காகக் கைதுசெய்து வண்டிக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் மூச்சு நின்றது.

ஃபூக்கோவைப் படித்த நாம் மருத்துவமனை என்றதும் பார்வையின் அதிகாரம், கண்காணிப்பு, ஒழுங்கமைக்கப்பட்ட உடல் என்று அடுக்குவோம். அடுக்கிப் பழகிவிட்டோம். அந்தக் கூடத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தது, அவளைப் பதிவும் செய்தது. பார்க்க வேண்டிய மருத்துவக் கண்தான் இல்லை. விளிம்பில் இருப்பவரை அதிகாரம் உற்றுப் பார்க்கிறது என்பது பாதி உண்மை. குற்றப் பதிவேடு பார்த்தது, வயிற்றைப் பார்க்கவில்லை. நமது கோட்பாடு இந்தப் பாராமுகத்துக்கு இன்னும் சரியான சொல் கண்டுபிடிக்கவில்லை.

அந்த ஆகஸ்டில் மருத்துவமனையின் படுக்கைகளும் அவசரப் பிரிவும் மூடப்பட்டன. தண்டனை யாருக்கு? எட்டு வருஷம் சுற்றுவட்டார ஜனங்கள் தூர ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தார்கள். 2015இல் 131 படுக்கைகளோடு, லாப நோக்கமற்ற தனி நிறுவனமாக, ‘சமூக மருத்துவமனை’ என்ற புதுப்பெயரில் திறந்தது. பராமரிப்பில் நல்ல பெயரும் வாங்கியது. பழைய கதைப்படி நிர்வாகமும் ஒழுக்கமும்தான் கோளாறு என்றால், கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். சர்க்கரை நோயாளியின் அழுகிய புண்ணை வெட்டிச் சுத்தம் செய்வது அங்கே வழக்கமான அறுவைகளில் ஒன்று. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும் காசு கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம்தான், ஆனால் அது திறப்பது அந்த ஒரு கதவை மட்டுமே. தெருமுனை டாக்டருக்கு மெடிக்கெய்டு தரும் கட்டணம் தனியார் காப்பீடு தருவதைவிட மிகக் குறைவு. எனவே டாக்டர் அந்தத் தெருவுக்கு வருவதில்லை. கால் மரத்துப்போன காலத்தில் பார்க்க ஆளில்லை, கறுத்துப்போன பிறகு பார்க்கச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் அதே குறைந்த விலைதான். நோயாளி கூடக்கூட நஷ்டமும் கூடும். ‘குறைத்தது யார்’ என்ற கேள்விக்கு விடை இந்தக் கட்டண அட்டவணையில்தான் இருக்கிறது. அதில் ஏழையின் உடலுக்கு வேறு விலை.

2023இல் அந்தச் சமூக மருத்துவமனை மறுபடி மூடும் விளிம்புக்கு வந்தது. இம்முறை யாரும் ‘கொலைகார’ என்று சொல்ல வழியில்லை. மாநில அரசு அவசர நிதி கொடுத்துத் தாங்கியது. அதில் ஒரு பகுதி கடன்.