கூண்டு அட்டை

ஆய்வுக்கூட எலிக்கூண்டின் முகப்பில் செருகப்பட்டிருக்கும் உள்ளங்கையளவு அட்டை, எலியின் இனம், பால், எண்ணிக்கை, ஆய்வாளர் பெயர் ஆகியவற்றோடு, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பரிசீலித்து இசைவளிக்கும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணையும் தாங்கி நிற்கிறது. தர்மபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்று மருந்தாய்வுக்கு எலி வளர்க்க முனைந்தாலும், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த விதிகளின்படி பதிவும் இசைவும் பெற்றாக வேண்டும். கால்நடை மருத்துவர், ஆய்வாளர், தீனியும் உமிப்படுக்கையும் மாற்றும் பணியாளர் ஆகிய மூவரும் ஒருசேரச் சந்திப்பது அரிது. அவர்களுக்கிடையே பேசுவது, தடித்த பதிவேடுகளைவிடப் பெரிதும், இவ்வட்டையே. ஐந்து எனக் குறித்த கூண்டில் நான்கு எலிகளே இருப்பின் அதற்கான காரணமும் நாளும் அதில் ஏறியிருத்தல் வேண்டும். கிருமிநாசினி பட்டால் மை கரையுமென்பதால் பென்சிலால் எழுதுவோரும் உண்டு. ஆய்வு முடிந்ததும் கூண்டு கழுவப்படும். அட்டை கோப்பில் சேரும்.