கைக்குப் பிடித்த எடிட்டர்

மோடம் நொடிக்கு 30 எழுத்துதான் அனுப்பும். திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. முழுத் திரையை ஒருமுறை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். 1970களின் பிற்பகுதியில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் பில் ஜாய், வீட்டில் 300 பாட் மோடத்தை வைத்துக்கொண்டு ‘வீஐ’ என்ற எடிட்டரை எழுதியது இந்த நிலைமையில்தான். இதன் கட்டளைகள் ஏன் ஒற்றை எழுத்தாகவே இருக்கின்றன என்று இன்று திறந்து பார்த்து விழிக்கிறவர்களுக்கு இதுவே பதில். அந்த இணைப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருக்க வேண்டும்.

அவர் உட்கார்ந்து எழுதியது ஏடிஎம்-3ஏ டெர்மினலில். அதில் அம்புக்குறி விசைகள் தனியாகக் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே இடது, கீழ், மேல், வலது அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும்படி எஸ்கேப் இருந்தது. டெர்மினல் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் அதன் விசைப்பலகை லட்சக்கணக்கான விரல்களில் தங்கிவிட்டது. எஸ்கேப் மூலைக்குத் தள்ளப்பட்டுவிட்டதால் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. கேப்ஸ் லாக்கால் வேறு என்ன பிரயோஜனம்?

பழசு என்பதற்காக மட்டும் ஒன்றை ரசித்துவிட முடியாது. வீஐயில் ரசிக்க இருப்பது அதன் இலக்கணம். புரோகிராமர் நாளின் பெரும்பகுதி புதிதாக எழுதுவதில்லை. படிக்கிறார், அங்கும் இங்கும் போய்ப் பார்க்கிறார், இருப்பதைத் திருத்துகிறார். ஆகவே இந்த எடிட்டரைத் திறந்ததும் விசைகள் எழுத்தாக விழாமல் கட்டளையாக வேலை செய்கின்றன. டி என்றால் அழி, சி என்றால் மாற்று, ஒய் என்றால் நகலெடு. இவை வினைகள். டபிள்யூ என்றால் சொல், அடைப்புக்குறி என்றால் வாக்கியம் அல்லது பத்தி. இவை பெயர்கள். பத்து வினையும் பத்துப் பெயரும் பழகினால் நூறு கட்டளை தானாகக் கைக்கு வந்துவிடும்.

ஒரு வரியில் மேற்கோள் குறிகளுக்குள் மதுரை என்று இருக்கிறது. அதைத் திருச்சி ஆக்க வேண்டும். மவுஸைத் தேடிப் பிடித்து, முதல் எழுத்துக்கு முன்னால் சரியாக வைத்து, குறியைத் தொடாமல் இழுத்து நிறுத்துவது ஒரு வழி. இங்கே கர்சர் மேற்கோளுக்குள் எங்கே நின்றாலும் சரி, சி, ஐ, மேற்கோள் குறி என்று மூன்று தட்டு. மாற்று, உள்ளே, மேற்கோள். மதுரை போய்விடும், குறிகள் இரண்டும் அசையாமல் நிற்கும். திருச்சி என்று அடித்து எஸ்கேப். அடுத்த வரியிலும் இதே திருத்தம் என்றால் அங்கே போய் ஒரு புள்ளி. கடைசியாகச் செய்த திருத்தத்தை அந்தப் புள்ளி அப்படியே திரும்பச் செய்யும். முழு எடிட்டரிலும் எனக்கு மிகவும் பிடித்த விசை அதுதான்.

புள்ளி ஜாய் எழுதிய மூலத்திலேயே உண்டு. ‘உள்ளே’ என்ற நுட்பம் பிறகு விம் தந்தது. பாத்திரம் துலக்கும் விம் அல்ல. நெதர்லாந்துக்காரர் பிராம் மோலெனார் 1988இல் தன் அமிகா கணினிக்காக ஆரம்பித்து 1991இல் வெளியிட்ட விம். காசு கிடையாது. பிடித்திருந்தால் உகாண்டாவில் இருக்கும் குழந்தைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று திறக்கும் திரையிலேயே கேட்கும். 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை அவரே அதைப் பராமரித்துவந்தார்.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கட், காப்பி, பேஸ்ட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், விசைகளே கட்டளையாகும் இந்த முறைக்குப் பரம எதிரியாக இருந்தார். ஒரே விசை ஒரு சமயம் எழுத்தாகவும் ஒரு சமயம் கட்டளையாகவும் இருந்தால் ஆள் குழம்பிப்போவார் என்பது அவர் கட்சி. கார் நம்பர் பிளேட்டிலேயே ‘நோ மோட்ஸ்’, அதாவது இப்படி மாறும் நிலைகளே வேண்டாம், என்று போட்டுக்கொண்டவர். கடிதம் எழுதுகிறவர் விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாள் முழுக்கத் திருத்துகிறவர் விஷயத்தில் நான் ஜாய் பக்கம்.

ஆனாலும் விம்மில் ஒரு குறை உண்டு. அங்கே வினை முன்னால் வருகிறது. அழி என்கிறோம், பிறகு எதை என்கிறோம். எவ்வளவு போனது என்பது போன பிறகே தெரியும். மாக்சிம் கோஸ்ட் எழுதிய ககூன் எடிட்டர் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டது. அதைப் பார்த்து ஹீலிக்ஸ் வந்தது. இவற்றில் முதலில் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது திரையில் ஒளிரும். சரிதானா என்று பார்த்துக்கொண்டு அழிக்கலாம். செயப்படுபொருள் முன்னால், வினை கடைசியில். தமிழ் பேசுகிறவருக்குச் சொல்லித்தரவே வேண்டாத வரிசை. விம்மில் ஊறிப்போன கைதான் முரண்டு பிடிக்கும்.

டர்போ பாஸ்கலின் அழகு வேறு ரகம். 1983இல் போர்லாண்ட் நிறுவனம் அதை 49.95 டாலருக்கு விற்றது. எடிட்டர், கம்பைலர் இரண்டும் சேர்ந்தே 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. அதற்கு முன் எடிட்டரை மூடி, கம்பைலரை ஓட்டி, பிழைப் பட்டியலை வாங்கிக்கொண்டு மறுபடி எடிட்டரைத் திறக்க வேண்டும். ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் எழுதிய இந்தக் கம்பைலர் எல்லாவற்றையும் நினைவகத்திலேயே முடித்தது. முதல் பிழை வந்ததும் நின்றுவிடும். கர்சரை நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். மற்ற பிழைகளைச் சொல்லாது. சொல்லத் தேவையும் இல்லை. இதைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டினால் அடுத்தது கண் இமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். இத்தனை வேகம் இருந்தால் பட்டியல் எதற்கு என்று கேட்கத் தோன்றியதே, அங்கேதான் அவர் கைவண்ணம் தெரிகிறது.

அதே வீட்டுப் பிள்ளையான டர்போ சி, தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரி லேப்களில் நீலத் திரையும் மஞ்சள் எழுத்துமாக, வெளி உலகம் கைவிட்ட பிறகும் பல வருடம் ஓடியது. ‘கிளியர் ஸ்கிரீன்’ என்று தொடங்கி ‘கெட்ச்’ என்று முடியாத ரெக்கார்டு நோட்டு அந்நாளில் அபூர்வம். இரண்டும் சி மொழியின் தரநிலையில் கிடையாது என்பது வேலைக்குப் போய் வேறு கம்பைலரைத் தொட்டபோதுதான் பலருக்குத் தெரிந்தது. கருவி மேல் குற்றமில்லை. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பாடத்திட்டத்தின் மேல்தான்.

ஹெல்ஸ்பெர்க் பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மொழிகளை வடிவமைத்தார். 2015இல் வந்த மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டர் அந்த டைப்ஸ்கிரிப்டில் எழுதியது. அதை வழிநடத்திய எரிக் காமா, அதற்கு முன் எக்ளிப்ஸின் ஜாவா கருவிகளைக் கட்டியவர். விஎஸ் கோடை நான் மதிப்பது அதன் தோற்றத்துக்காக அல்ல. 2016இல் அதிலிருந்து பிரித்துப் பொதுவில் வைத்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலுக்காக. அதற்கு முன், பெயர் மாற்றுவது, ஒரு ஃபங்க்ஷன் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடுவது போன்ற புத்திசாலித்தனத்தை ஒவ்வோர் எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். 10 எடிட்டர், 20 மொழி என்றால் 200 வேலை. இப்போது மொழிக்கு ஒரு சர்வர், எடிட்டருக்கு ஓர் இணைப்பு, ஆக மொத்தம் 30. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 2021இல் இதை உள்ளேயே சேர்த்துக்கொண்டது.

அதாவது, மூளை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. எந்த எடிட்டருக்கு எந்த மொழி தெரியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் போய், கை எதில் சௌகரியமாக இருக்கிறது என்று பார்க்கும் காலம் வந்திருக்கிறது. விலக்கு உண்டு. பெரிய ஜாவா நிரலைப் பிரித்துக் கட்டும் வேலைக்கு இன்டெலிஜே இன்னும் ஒரு படி மேலே. ஐபோன் செயலி என்றால் எக்ஸ்கோடைத் தவிர்ப்பது கஷ்டம். அங்கெல்லாம் ரசனைக்குப் பேச்சில்லை.

தமிழைத் தொடுகிற புரோகிராமருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. டெர்மினல் என்பது சம அளவுக் கட்டங்கள். ‘கௌ’ அந்தக் கட்டத்துக்குள் உட்கார மறுக்கும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும், கர்சர் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. போதாததற்கு, தமிழ் விசைப்பலகையை அணைக்க மறந்து எஸ்கேப் அடித்துவிட்டு டி அழுத்தினால், விம் அதைக் கட்டளையாக மதிப்பதே இல்லை. எனவே தமிழ் வாக்கியங்கள் நிறைந்த கோப்பு என்றால் விஎஸ் கோடையே திறக்கிறேன், விம் விசைகளைத் தரும் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டு. முதல் தொல்லை, இமாக்ஸ் என்ற இன்னொரு பழைய எடிட்டரைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு இல்லை. 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் துணையோடு, தனிச் சாளரத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. அதை அவர்கள் நம்மிடம் சொல்லிக்காட்டாமல் விட்டதும் இல்லை.